ப்ளூ கட் கண்ணாடி போட்டும் மாலையில் கண் எரிகிறது – பதில்

நீல ஒளியைத் தடுக்கும் இந்த ப்ளூ கட் கண்ணாடியில் இன்னும் விலை கூடியதற்கு மாறினாலும் எரிச்சல் போகாது. நாள் முழுக்கத் திரை முன் உட்கார்ந்து, மாலையானால் மணல் விழுந்தது போல உறுத்துகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் நீல ஒளி இல்லை, சரியாக இமைக்காததுதான்.

சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைப்போம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். அதிலும் பல இமைப்புகள் அரைகுறை. இமைகள் முழுசாக ஒட்டினால்தான் விளிம்பிலுள்ள மெய்போமியன் சுரப்பிகளின் எண்ணெய் கண்ணீர்ப் படலத்தின் மேல் பரவும். இல்லையென்றால் நீர் ஆவியாகி, கருவிழி காயும். ஆய்வகத்தில் நீல ஒளி கருவிழிச் செல்களைப் பாதித்தது உண்மைதான். ஆனால் பகல் வானத்தோடு ஒப்பிட்டால் திரையிலிருந்து வருவது மிகச் சொற்பம்.

சோதித்துப் பாருங்கள்: ஒரு முறை அழுத்தி இமைத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி எண்ணுங்கள். 10 நொடிக்குள் எரிந்தாலோ மங்கினாலோ படலம் சீக்கிரம் உடைகிறது. (கண்ணில் நீர் வழிந்தாலும் வறட்சி இருக்கலாம், உறுத்தலால் சுரக்கும் நீரில் எண்ணெய் போதாது.)

1. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். ஏசி, ஃபேன் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது.
2. வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய இமை மேல் தினமும் 10 நிமிடம் வையுங்கள். துணி சீக்கிரம் ஆறிவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும்.
3. கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்து (செயற்கைக் கண்ணீர்) நாளுக்கு 4 முறைக்கு மேல் தேவைப்பட்டால், பதப்படுத்தி (கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம், preservative) சேர்க்காததை வாங்குங்கள். சிவப்பைப் போக்கும் சொட்டு வேண்டாம்.

வலி, வெளிச்சம் கூசுதல், ஒரு கண் மட்டும் சிவத்தல், இமைத்தாலும் தெளியாத மங்கல் இருந்தால் இதையெல்லாம் செய்துகொண்டிருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.