அலுவலகத்தாருடன் கரோக்கே செல்லும்போது எந்த ஜப்பானிய ஐடல் குழுப் பாடலைப் பாடலாம்?

ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதங்கள்தான் ஆகின்றன, மொழி அரைகுறை, குரலும் சுமார், அலுவலகத்தார் அடுத்த வாரம் பதிவான இசைக்கு நாமே பாடும் கரோக்கேக்கு அழைத்திருக்கிறார்கள், ஐடல் குழுக்களின் (ஆடிப் பாடும் இளம் நட்சத்திரக் குழுக்களின்) பாடல்களில் எதைப் பாடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழாண்டுகளாகக் கவாசாகி நகரில் வசித்து, அந்தச் சின்னச் சின்னக் கரோக்கே அறைகளில் போதிய அளவு அசடு வழிந்தவன் என்ற தகுதியில் பதில் எழுதுகிறேன்.

ஐடல் குழுப் பாடல் என்று முடிவு செய்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஐந்து பேரோ பதினாறு பேரோ சேர்ந்து ஒரே சுரத்தில் பாட வேண்டும் என்பதற்காகவே இயற்றப்படுவதால், இவற்றின் மெட்டு பெரும்பாலும் சாதாரணக் குரல் எட்டும் எல்லைக்குள்ளேயே நிற்கும்; தனிப் பாடகர்கள் இழைக்கும் சங்கதிகளும் இவற்றில் குறைவு. இது புரியாமல் நான் முதல் முறை சென்றபோது, தனிப் பாடகர் ஒருவரின் மெல்லிய காதல் பாடலை இரண்டு வாரம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். இரண்டாம் சரணத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தால் ஒருவர் கோழி வறுவலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், இன்னொருவர் கைப்பேசியில் மூழ்கியிருந்தார். முடிந்ததும் மரியாதைக்குக் கை தட்டினார்கள். அடுத்து ஒரு பெண் ஊழியர் ஏகேபி 48 என்ற பெண்கள் குழுவின் ‘ஹெவி ரொட்டேஷன்’ பாடலைப் போட்டார். அதுவரை வாய் திறக்காத இரண்டு மூத்தவர்கள் அறையில் கிடந்த டாம்பரின் என்ற தாளக்கருவியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். கேட்பவர்கள் கூடவே பாடக்கூடியதா என்பதைத்தான் அங்கே முதலில் பார்க்க வேண்டும்.

அந்த ‘ஹெவி ரொட்டேஷன்’ 2010 ஆகஸ்டில் வெளிவந்தது. பல்லவி எளிய ஆங்கிலத்தில் தொடங்குவதால் வெளிநாட்டவர் பலரும் அதை நம்பிப் போடுகிறார்கள். ஆனால் பல்லவிக்கு இடையே வரும் வரிகள் ஓட்டமாக ஓடும். காஞ்சி என்னும் சீன வடிவ எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் திரையில் அடுத்த வரி நிறம் மாறத் தொடங்கிவிடும். ஆகையால் அதைத் தனியாகத் தொடாதீர்கள், யாராவது போடும்போது இரண்டாவது மைக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் பாடலாக நான் சொல்வது அதே குழுவின் ‘கொய்சுரு ஃபார்ச்சூன் குக்கீ’. 2013 ஆகஸ்டில் வந்த இந்தப் பாடலில் பழைய டிஸ்கோ இசையின் நிதானமான நடை இருக்கிறது, மூச்சு வாங்காது. அதைவிட முக்கியமானது அதன் கையசைவு நடனம். பாடல் வந்த நாட்களில் நிறுவனங்களும் மாகாண அரசு அலுவலகங்களும்கூடத் தங்கள் ஊழியர்களை ஆட வைத்துக் காணொளி வெளியிட்டன. கவாசாகி இருக்கும் எங்கள் கனகாவா மாகாணத்திலும் அப்படி ஒன்று எடுத்தார்கள், ஆளுநரே அதில் ஆடியிருக்கிறார். ஆகவே உங்கள் அலுவலகத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்களில் சிலர் அந்த நாட்களில் வேலையின் பெயரால் இதை ஆடியவர்களாகவே இருக்கக்கூடும். நீங்கள் வரியைத் தவறவிட்டாலும் அவர்கள் கை நிற்காது. பாடலைத் தேர்ந்தெடுக்கும் கருவியில் ‘ஹொன்னின் எய்சோ’ என்று குறித்திருந்தால் பாடியவர்களின் அசல் காணொளியே திரையில் ஓடும்; அதைப் பார்த்துக்கொண்டே அசைவைப் பிடித்துவிடலாம்.

உங்களுக்குப் பெண் குரல் பாடல்கள் வேண்டாம் என்றால் ஸ்மாப் என்ற ஆண்கள் குழுவின் ‘செகாய் நி ஹிதோத்சு தகே நோ ஹனா’ இருக்கிறது. மகிஹாரா நொரியுகி எழுதி இசையமைத்தது, 2003-இல் தனி வெளியீடாக வந்தது. பூக்கடையில் வரிசையாக நிற்கும் பூக்களில் எது உயர்ந்தது என்ற போட்டி கிடையாது, மனிதர்கள்தான் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பது அதன் பொருள். ஸ்மாப் 2016 டிசம்பர் 31 அன்று கலைந்தது. அந்த ஆண்டில் ரசிகர்கள் இந்தக் குறுவட்டை மீண்டும் மீண்டும் வாங்கி விற்பனையை முப்பது லட்சத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். நிதானமான பாட்டு, ஆண் குரலுக்கு இதமான சுருதி, அறையில் யாருக்கும் தெரியாமல் இருக்காது. அராஷி என்ற இன்னோர் ஆண்கள் குழுவின் பாடலைப் பாடுவதென்றால் 2007-இன் ‘லவ் சோ ஸ்வீட்’ போதும். அவர்களது 1999 அறிமுகப் பாடலை மட்டும் தொடாதீர்கள், அதில் வரும் ராப்பில் நான் பாதியிலேயே மைக்கைக் கீழே வைத்திருக்கிறேன்.

மேலாளர்களைக் குஷிப்படுத்துவது நோக்கம் என்றால் மார்னிங் முசுமே என்ற பெண்கள் குழுவின் ‘லவ் மெஷின்’. 1999 செப்டம்பரில், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், ஜப்பானுக்கு நல்ல காலம் வரும் என்று கூத்தும் கும்மாளமுமாகச் சொன்ன பாடல் அது. அப்போது வேலை தேடி அலைந்தவர்கள்தான் இன்றைக்குப் பிரிவுத் தலைவர்கள். அவர்களைவிட மூத்தவர் ஒருவர் அமர்ந்திருந்தால் பிங்க் லேடி என்ற இரு பெண்கள் குழுவின் 1977-ஆம் ஆண்டுப் பாடலான ‘யுஎஃப்ஓ’வைப் போடுங்கள், தொடக்கத்தில் தலைக்குப் பின்னாலிருந்து கையை எழுப்பும் அந்த அசைவை அவரே செய்து காட்டுவார். நோகிசாகா 46 என்ற பெண்கள் குழுவின் பாடல்கள் அழகானவை, ஆனால் கேட்க ஏற்றவை என்பது என் எண்ணம். கெயாகிசாகா 46 குழுவின் ‘சைலன்ட் மெஜாரிட்டி’ பெரியவர்கள் சொன்னபடி நடக்காதே என்று இளைஞர்களைத் தூண்டும் பாடல். ஊதிய உயர்வு நிலுவையில் இருக்கும்போது மேலாளர் முன்னிலையில் அதைப் பாடும் துணிவு எனக்கு வந்ததில்லை.

உச்சரிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஜப்பானிய உயிரெழுத்துகளும் குறில் நெடில் வேறுபாடும் இரட்டிப்பு மெய்யும் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தமிழில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஜப்பானிய மொழியிலோ ‘ன்’ என்பது ஒரு முழு மாத்திரை, பாட்டில் பல இடங்களில் அதற்குத் தனியாக ஒரு சுரமே உண்டு. ‘நிஹொன்’ என்பதை ‘நி-ஹொ-ன்’ என்று மூன்று தட்டாக எண்ண வேண்டும். நாம் ‘ன்’னை விழுங்கிவிட்டுத் தாளத்துக்கு முன்னே ஓடிவிடுகிறோம். இன்னொன்று, திரையில் காஞ்சிக்கு மேலே உச்சரிப்பைக் காட்டும் சிறிய ஹிராகானா எழுத்துகள் இருக்கும், ஆனால் எல்லாப் பாடல்களுக்கும் ரோமன் எழுத்து வராது. அதனால் நான் வரிகளைத் தமிழில் எழுதி ஒரு குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன். ‘தைசுகி’ என்று எழுதினால் முதல் எழுத்தை வல்லோசையாகவே படிக்கத் தோன்றும், ஆனால் அது மெல்ல அதிர்ந்து வரும் ‘த’. அத்தகைய எழுத்துகளின் கீழே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

பெண் குழுக்களின் பாடல்களை ஓர் ஆண் அசல் சுருதியில் பாடினால் பல்லவியில் குரல் கிழியும். கருவியில் சுருதியைக் குறைக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அரைச்சுரம் இறங்கும். நான்கு முறை அழுத்துங்கள், நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ இரண்டு கட்டை. முன்னிசை ஓடும்போதே செய்துவிட வேண்டும், பாதியில் மாற்றினால் கூடப் பாடுபவர்கள் தடுமாறுவார்கள். தொடர்ந்து இரண்டு பாடல்களை உங்கள் பெயரில் பதிந்து வைக்காதீர்கள், அது எடுபடாது.

நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சுவரில் உள்ள தொலைபேசி ஒலிக்கும். யாராவது எடுத்து, நீட்டிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசியாக என்ன போடலாம் என்று எல்லோரையும் பார்ப்பார். ஸ்மாப்பின் அந்தப் பூக்கடைப் பாடலை அதுவரை யாரும் பாடியிருக்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். மைக் கைக்குக் கை மாறும், உங்களுக்கு இரண்டு வரி வந்தால் அதிகம்.