லோரிக் கதவைப் படித்தீர்களா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி லோரி விவகாரம். இங்கே மலேசியாவின் பேராக்கில் பாகான் டத்தோவிலிருந்து தாப்பா வரை எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கிறது. சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நான் செம்பனை ஆலையில் எடை பார்க்கும் கிராணியாக இருந்தவன். லோரி என்றால் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாகான் டத்தோவிலிருந்து கிள்ளானுக்கு 4,000 தேங்காய் அனுப்பினேன் ஐயா. லோரி பிடித்துக் கொடுத்தது ஒரு புரோக்கர். வழியில் லோரி கால்வாயில் இறங்கிப் பாதிக் காய் போய்விட்டது. புரோக்கர் "நான் ஏஜென்ட்தான்" என்கிறார். லோரிக்காரர் போனையே எடுப்பதில்லை. லோரிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொல்லித்தானே ஏற்றினார்கள்?

பதில்: வயிறு எரிகிறது. அவர்கள் சொன்ன இன்சூரன்ஸ் லோரிக்கானது, உங்கள் காய்க்கானது அல்ல. சரக்குக்கு 'கூட்ஸ் இன் டிரான்சிட்' என்று தனிப் பாலிசி உண்டு. அது இருக்கிறதா என்று ஏற்றுவதற்கு முன்பே கேட்டு, காகிதத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சரி, நடந்தது நடந்துவிட்டது. லோரி எண்ணைக் குறிப்பிட்டுப் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். யாருக்கு ஏஜென்ட் என்று புரோக்கரை எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். ஒன்று பெயர் வரும், இல்லையென்றால் அவர் மாட்டுவார். விற்கப்போன சரக்கு என்பதால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இதை எடுக்காது. ஒரு வழக்கறிஞரைப் பார்த்து மாஜிஸ்திரேட் நீதிமன்ற வழிக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: லோரி புத்தம் புதுசு, பெயிண்ட் பளபளக்கிறது. நம்பிச் சரக்கு ஏற்றலாமா?

பதில்: பெயிண்டா பிரேக் பிடிக்கப்போகிறது?

கேள்வி: தாப்பாவிலிருந்து ஜொகூருக்கு மாற்றல். பேஸ்புக்கில் பார்த்து, வீட்டுச் சாமான் ஏற்ற 900 வெள்ளி (ரிங்கிட்) பேசி 300 முன்பணம் கட்டினேன். எல்லாம் ஏற்றியபின் 1,500 கொடுத்தால்தான் இறக்குவேன் என்று மிரட்டி வாங்கிவிட்டார்கள். நான் ஆசிரியை. இதை விட்டுவிடச் சொல்கிறார் கணவர்.

பதில்: விடாதீர்கள் டீச்சர். இது உங்கள் சொந்த வீட்டுச் சாமான், அதனால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் உங்களுக்குத் திறந்திருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் இந்த வாரமே போடுங்கள். 900 என்று பேசிய செய்தியை முதல் பக்கத்தில் வையுங்கள். அடுத்த முறை முன்பணம் அனுப்புமுன் அந்தக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும், மோசடிப் புகார் வந்த எண்களைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

கேள்வி: லோரிக் கதவில் ஒரு கம்பெனி, ரசீதில் வேறு கம்பெனி. இதெல்லாம் சகஜம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: சகஜம்தான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

தோட்டத்து லயத்திலிருந்து அம்மாவின் தேக்கு அலமாரியைப் பட்டணத்துக்குக் கொண்டுவர நான் பிடித்த லோரியும் இப்படித்தான். டீக்கடைப் பழக்கம், 350 வெள்ளி. கதவில் ஒட்டியிருந்த காந்தத் தகட்டின் ஓரம் பெயர்ந்திருந்தது. அதற்கடியில் இன்னொரு பெயர். பார்த்தேன், பார்த்தும் ஏற்றினேன். வந்து இறங்கியபோது அலமாரிக்குக் கால் மூன்று. ரசீதில் இருந்த பதிவு எண்ணை, கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம்மில் தேடினால் அது எப்போதோ மூடிய டயர் கடை! யார்மேல் புகார் கொடுப்பது?

வாடகைக்குப் பிறர் சரக்கை ஏற்றுகிற லோரிக்கு, தரைப் போக்குவரத்தைப் பார்க்கும் அரசு நிறுவனமான அபாட் கொடுக்கும் 'ஏ' லைசென்ஸ் வேண்டும். தீபகற்ப மலேசியாவில் இதுதான் சட்டம். கதவைப் பாருங்கள், 'லெசென் பெம்பாவா ஏ' என்று எழுதியிருக்கும். கூடவே பிடிஎம் (BDM) என்று ஒரு கணக்கு இருக்கும், அதற்கு மேலே போகக்கூடாது. அதாவது சரக்கோடு சேர்த்து லோரி எவ்வளவு எடை இருக்கலாம் என்பது. லைசென்ஸ் வாங்கியவர் ஒருவர், மாதவாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் இன்னொருவர் என்றால், பிரேக்கைப் பார்ப்பது யார், டிரைவர் தூங்கினாரா என்று கேட்பது யார்? ஆளாளுக்குக் கைகாட்டுவார்கள். எடை மேடையில் நான் பார்த்த சில லோரிகளின் பட்டைச் சுருள் (ஸ்பிரிங்) பாரம் மிஞ்சி நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். டயர் அடியில் தோசை மாதிரி பரந்திருக்கும். "எழுதிவிடுங்க கிராணி" என்பார்கள். நானும் எழுதினேன், இப்போது அதை மறைக்கவில்லை.

2025 மே 13 காலை நினைவிருக்கும். நம் சித்ரா பௌர்ணமிக் காவலுக்கு தெலுக் இந்தான் வந்துவிட்டு ஈப்போ திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியில் கல் ஏற்றிய லோரி மோதியது. 9 பேர் இறந்துபோனார்கள். அதற்கப்புறமாவது கதவையும் ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லைசென்சில் உள்ள பெயர், ரசீதில் உள்ள பெயர், பணம் போகிற கணக்கின் பெயர், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்கிற வாகனச் சோதனைக் காகிதத்தையும், டிரைவரின் ஜிடிஎல் என்ற சரக்கு வாகன லைசென்சையும் கேளுங்கள். எஸ்எஸ்எம்மில் சில வெள்ளி கட்டினால் கம்பெனியின் விவரம் வரும். நான் அலமாரி வந்தபிறகு கட்டினேன்.

கேள்வி: நண்பரிடம் 'சி' பெர்மிட் லோரி இருக்கிறது. என் கடைச் சரக்கை ஏற்றி டீசல் காசு மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார்.

பதில்: 'சி' அவருடைய சொந்தச் சரக்குக்கு. சமான் (அபராத நோட்டீஸ்) வந்தால் நட்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெக்சாசில் என் தம்பி மகன், லோரிக் கதவிலிருக்கும் எண்ணைத் தட்டினால் கம்பெனியின் ஜாதகமே வரும் என்கிறான். கதையா?

பதில்: கதையில்லை. அங்கே போக்குவரத்துத் துறை கொடுக்கும் யூஎஸ் டாட் எண் என்று ஒன்று கதவிலேயே இருக்கும். மத்திய அரசின் 'சேஃபர்' தளத்தில் அதைப் போட்டால் எத்தனை வண்டி, எத்தனை டிரைவர், கடந்த 24 மாதத்தில் எத்தனை சோதனை, எத்தனை வண்டியை ஓடக்கூடாது என்று நிறுத்தினார்கள், எத்தனை விபத்து என்று இலவசமாகவே காட்டும். விபத்து எண்ணிக்கை யார் தவறு என்று சொல்லாது, அதையும் தம்பி மகனிடம் சொல்லுங்கள். எனக்குப் பொறாமைதான்.

கேள்வி: மூன்றாவது முறையாக ஏமாந்தேன். ரொக்கமாக 1,800 கொடுத்தேன். அவர் பெயர் தெரியாது, 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவேன். லோரி எண்ணும் குறிக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதல் முறை ஏமாந்தபோது எழுதியிருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பேன். இப்போது ஒரு பேனா வாங்குங்கள்.

கேள்வி: இத்தனை காகிதம் கேட்டால் லோரிக்காரர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரே ஐயா?

பதில்: போகட்டும் அம்மா. பீடோரில் லோரிக்கா பஞ்சம்?