வேர்ல்ட் சீரிஸ் வெற்றிப் பட்டியல்: எந்த ஆண்டில் தொடங்குவது, வெற்றியை யார் கணக்கில் எழுதுவது?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பேஸ்பால் சாம்பியன்கள் அனைவரையும் ஆண்டுவாரியாகக் காட்டும் ஒரு பெரிய சுவர்ப் பட்டியலைப் பள்ளிக்காகத் தயாரிக்கிறாள். அத்லெட்டிக்ஸ் அணி ஒன்பது முறை வென்றது என்கிறது ஒரு பட்டியல். நான்கு முறைதான் என்கிறது இன்னொன்று. சில பட்டியல்கள் 1903-இல் தொடங்குகின்றன, சில 1884-இல், வேறு சில 1871-இல். 1904-க்கும் 1994-க்கும் எதிரே யார் பெயருமே இல்லை. இவற்றில் எதை நம்பிப் பட்டியலை எழுதலாம்?

பதில்: நீங்கள் பார்த்த பட்டியல்கள் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளை எண்ணியிருக்கிறது. எதை எண்ணினோம் என்பதைத் தலைப்பில் எழுதத் தவறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கட்டம் போடுவதற்கு முன்பே உங்கள் மகள் சிலவற்றை முடிவு செய்துகொண்டு, அந்த முடிவுகளைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

முதலில் தொடக்க ஆண்டு. 1871 முதல் 1875 வரை நேஷனல் அசோசியேஷன் என்ற அமைப்பு இருந்தது. 1876-இல் நேஷனல் லீக் தோன்றியது. அக்காலத்தில் ஒரு லீக்கில் முதலிடம் பிடித்த அணியே சாம்பியன். 1884 முதல் 1890 வரை ஒவ்வோர் ஆண்டும் நேஷனல் லீக்கின் முதல் அணியும் அமெரிக்கன் அசோசியேஷன் என்ற இன்னொரு லீக்கின் முதல் அணியும் ஒரு தொடரில் மோதின என்பதும், உலக சாம்பியன் என்ற பட்டத்தை அப்போதே சூட்டிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தத் தொடர்களுக்கு நிலையான விதி கிடையாது. 1884-இல் பிராவிடன்ஸ் கிரேஸ் அணி மூன்றே ஆட்டங்களில் வென்றது. 1887-இல் பதினைந்து ஆட்டங்கள் ஆடினார்கள். 1885-உம் 1890-உம் வெற்றியாளர் இல்லாமலே முடிந்தன. 1901-இல் அமெரிக்கன் லீக் தன்னைப் பெரிய லீக் என்று அறிவித்துக்கொண்ட பிறகும், முதல் இரண்டு ஆண்டுகள் இரு லீக்குகளும் ஆட்டக்காரர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் இழுத்துக்கொண்டு சண்டையிட்டனவேயன்றி, ஒன்றோடொன்று மோதிப் பார்க்கவில்லை. 1903-இல்தான் சமாதானம் ஏற்பட்டு, பாஸ்டன் அமெரிக்கன்ஸ் அணி பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியை ஒன்பது ஆட்டத் தொடரில் 5–3 என்று வென்றது. வேர்ல்ட் சீரிஸ் என்பது இரு லீக்குகளின் வெற்றியாளர்களும் பருவத்தின் முடிவில் மோதும் தொடர்; இன்று இருக்கும் அதே இரண்டு லீக்குகளுக்கு இடையே நடந்த முதல் தொடர் அதுவே என்பதால், வேர்ல்ட் சீரிஸ் பட்டியல் 1903-இல் தொடங்குவதே முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டு வெற்றிகளைச் சேர்க்க ஆசை இருந்தால் தனிக் கட்டத்தில் சேர்க்கலாம். ஒரே வரிசையில் கலக்கக் கூடாது.

காலியாக உள்ள இரண்டு ஆண்டுகளைப் பெரும்பாலோர் கோடு போட்டு விட்டுவிடுகிறார்கள். அது நல்ல பாடத்தை வீணாக்குவதாகும் என்பது என் கருத்து, ஏனெனில் அந்த இரண்டு வெற்றிடங்களுக்கும் முற்றிலும் வேறுபட்ட காரணங்கள் உண்டு.

1904-இல் நேஷனல் லீக்கை வென்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் உரிமையாளர் ஜான் பிரஷ்ஷும் மேலாளர் ஜான் மெக்ரோவும் எதிர் லீக்கின் வெற்றியாளரோடு ஆட முடியாது என்று மறுத்தார்கள். அமெரிக்கன் லீக் தரம் குறைந்தது என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே, அந்த லீக்கின் தலைவர் பான் ஜான்சனோடு மெக்ரோவுக்கு இருந்த பழைய பகை. அதே நியூயார்க் நகரத்தில் புதிதாக வந்திருந்த ஹைலாண்டர்ஸ் அணி, பிற்காலத்தில் யாங்கீஸ் ஆன அந்த அணி, அமெரிக்கன் லீக்கின் முதலிடத்துக்கு மிக நெருங்கி வந்துகொண்டிருந்ததும் அவர்களுக்கு உவப்பாக இல்லை. கடைசியில் பாஸ்டனே முதலிடம் பெற்றது. ஆகவே 1904-இல் இரண்டு லீக் வெற்றியாளர்கள் உண்டு, உலக வெற்றியாளர் இல்லை. ரசிகர்களும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்ததால், மறுத்த அதே பிரஷ்ஷே அடுத்த ஆண்டுக்குள் தொடருக்கான நிரந்தர விதிகளை வகுக்க முன்வந்தார். 1905-இல் அவருடைய அணி ஃபிலடெல்பியா அத்லெட்டிக்ஸை 4–1 என்று வென்றது. அந்த ஐந்து ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும், அந்த ஆட்டத்தில் தோற்ற அணி எதுவோ அது ஒரு ரன்கூட எடுக்கவில்லை; ஜயன்ட்ஸின் நான்கு வெற்றிகளில் மூன்று கிறிஸ்டி மேத்யூசன் என்ற ஒரே பிட்சருடையவை (பிட்சர் என்பவர் பந்தெறிபவர்).

1994-இன் கதை வேறு. சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க அணி உரிமையாளர்கள் முயன்றதை எதிர்த்து ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 14 அன்று எஞ்சிய பருவமும் வேர்ல்ட் சீரிஸும் ரத்து செய்யப்பட்டன. பருவமே முடியாததால் அந்த ஆண்டு லீக் வெற்றியாளர்களும் கிடையாது. அப்போது 74 வெற்றி, 40 தோல்வி என்று எல்லா அணிகளுக்கும் மேலே இருந்தது கனடாவின் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ். அந்த அணி ஒரு வேர்ல்ட் சீரிஸில்கூட ஆடாமலே 2005-இல் வாஷிங்டனுக்கு இடம்பெயர்ந்தது. மாண்ட்ரியல் ரசிகர்களுக்கு இது இன்றும் ஆறாத வருத்தம். பட்டியலில் 1994-க்கு எதிரே ‘வேலைநிறுத்தம்’ என்றும், 1904-க்கு எதிரே ‘ஜயன்ட்ஸ் ஆட மறுத்தது’ என்றும் எழுதச் சொல்லுங்கள்.

இனி உங்களைக் குழப்பிய அத்லெட்டிக்ஸ் கணக்கு. அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணி ஊர் மாறினால், அதன் வரலாறும் அதனோடு வண்டியேறிப் போகும். வெற்றி அணி நிறுவனத்துக்கே சொந்தம், ஊருக்கு அன்று. அத்லெட்டிக்ஸ் ஃபிலடெல்பியாவில் இருந்தபோது 1910, 1911, 1913, 1929, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளில் வென்றது; 1955 முதல் 1967 வரை கன்சாஸ் சிட்டியில் இருந்தபோது ஒன்றும் வெல்லவில்லை; ஓக்லண்டில் 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்றும், 1989-இல் ஒன்றும் வென்றது. ஓக்லண்டை மட்டும் எண்ணியவர் நான்கு என்றார், அணியை எண்ணியவர் ஒன்பது என்றார். அந்த அணி இப்போது ஓக்லண்டையும் விட்டு, 2025 முதல் தற்காலிகமாகச் சாக்ரமென்டோவின் பக்கத்தில் ஆடுகிறது. ஒன்பதும் அதனோடே போயிருக்கிறது. 1871-இல் வென்ற ‘ஃபிலடெல்பியா அத்லெட்டிக்ஸ்’ இந்த அணியே அன்று, பெயர் மட்டும் ஒன்று.

இதே விதியால் ஜயன்ட்ஸின் எட்டு வெற்றிகளில் ஐந்து நியூயார்க்கிலும் மூன்று சான் ஃபிரான்சிஸ்கோவிலும் (2010, 2012, 2014) கிடைத்தவை. பிரேவ்ஸ் 1914-இல் பாஸ்டனிலும், 1957-இல் மில்வாக்கியிலும், 1995, 2021 ஆண்டுகளில் அட்லாண்டாவிலும் வென்றது. மூன்று ஊர்களுக்காக வென்ற ஒரே அணி அதுதான். டாட்ஜர்ஸின் ஒன்பதில் ஒன்றே ஒன்று நியூயார்க்கின் புரூக்ளினில் வந்தது. 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து முறை யாங்கீஸிடம் தோற்ற பின் 1955-இல் அதே யாங்கீஸை வென்றதால், அந்த ஒன்றைப் புரூக்ளின் மக்கள் தலைமுறைகளாகக் கொண்டாடினார்கள். 1958-இல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. கோப்பை கணக்கேட்டில் அணியோடு போனது. நினைவு புரூக்ளினிலேயே தங்கிவிட்டது. ஆகவே ‘அன்றைய பெயரும் ஊரும்’ என்று ஒரு பத்தியும், ‘இன்றைய பெயர்’ என்று பக்கத்தில் இன்னொரு பத்தியும் வைத்தால், இரண்டுக்கும் நியாயம் செய்தவர்களாவீர்கள்.

இந்த இரட்டைப் பத்தி உங்களைச் சில பள்ளங்களிலிருந்தும் காப்பாற்றும். வாஷிங்டன் நகரம் 1924-இலும் 2019-இலும் வென்றது; ஆனால் 1924-இல் வென்ற செனட்டர்ஸ் இன்றைய மினசோட்டா ட்வின்ஸ், 2019-இல் வென்ற நேஷனல்ஸ் மாண்ட்ரியலிலிருந்து வந்த எக்ஸ்போஸ். இரண்டையும் ஒரே அணியின் கணக்கில் எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும்: 2009-இல் டெக்கான் சார்ஜர்ஸ் வென்றதை 2016-இல் வென்ற சன்ரைசர்ஸின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, ஊர் ஹைதராபாத் என்றாலும். அதே போல மில்வாக்கியின் 1957 வெற்றி இன்றைய மில்வாக்கி புரூவர்ஸுக்கு உரியதன்று; புரூவர்ஸ் இதுவரை வென்றதே இல்லை. 1903-இன் எதிரே, அன்றைய பெயருக்கான பத்தியில் ‘ரெட் சாக்ஸ்’ என்று எழுதுவதும் சரியன்று, ஏனெனில் பாஸ்டன் அணி அந்தப் பெயரை 1908 பருவத்திலிருந்துதான் அணிந்தது.

‘சாம்பியன்’ என்ற சொல்லின் பொருளும் காலத்தோடு மாறியிருக்கிறது என்பதைப் பட்டியலின் ஓரத்தில் ஒரு குறிப்பாகச் சொல்லலாம். 1968 வரை, பருவம் முழுவதும் ஆடி லீக்கில் முதலிடம் பெற்ற அணி நேராக வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. 1969-இல் ஒவ்வொரு லீக்கும் இரண்டு பிரிவுகளாகி, இடையே ஒரு சுற்று வந்தது. 1995 முதல் வைல்ட் கார்ட் வழியாக, தன் பிரிவில் முதலிடம் பெறாத அணியும் உள்ளே வர முடிந்தது. 2022 முதல் பன்னிரண்டு அணிகள் இறுதிச் சுற்றுகளுக்குப் போகின்றன. இதன் விளைவை எண்களில் பாருங்கள். 2001-இல் சியாட்டில் மெரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்றும் வேர்ல்ட் சீரிஸை எட்டவில்லை. 2006-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 83 வெற்றி, 78 தோல்வி என்ற சுமாரான கணக்கோடு உள்ளே நுழைந்து கோப்பையையே வென்றது. யாங்கீஸ் 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றதையும், டாட்ஜர்ஸ் 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வென்றதையும் ஒப்பிடும்போது, பிந்தியவர்கள் எத்தனை சுற்றுகளைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. யாங்கீஸின் பெருமையை நான் குறைக்கவில்லை. அளவுகோல் ஒன்றில்லை என்கிறேன்.

கறை படிந்த வெற்றிகளை என்ன செய்வது என்றும் உங்கள் மகள் கேட்கக்கூடும். 1919-இல் சிகாகோ வைட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் பணம் வாங்கித் தோற்கச் சதி செய்தார்கள் என்று 1921-இல் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது; வெற்றி சின்சினாட்டி ரெட்ஸிடமே இருக்கிறது. 2017-இல் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் எப்படிப் பந்தெறிவது என்று எதிரணியினர் தமக்குள் காட்டிக்கொள்ளும் சைகைகளை கேமரா வழியாகத் திருடியது உறுதியாகி 50 லட்சம் டாலர் அபராதம் உள்ளிட்ட தண்டனைகள் வந்தன. ஆனாலும் பட்டம் பறிக்கப்படவில்லை. பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டுக் கீழே விளக்குவதே நேர்மை.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு கூட்டல் தருகிறேன். 1903 முதல் 2025 வரை 123 ஆண்டுகள். இரண்டைக் கழித்தால் 121 தொடர்கள். யாங்கீஸ் 27, கார்டினல்ஸ் 11, ரெட் சாக்ஸ், அத்லெட்டிக்ஸ், டாட்ஜர்ஸ் தலா 9, ஜயன்ட்ஸ் 8, பைரட்ஸ், ரெட்ஸ் தலா 5, டைகர்ஸ், பிரேவ்ஸ் தலா 4, வைட் சாக்ஸ், கப்ஸ், ஓரியோல்ஸ், ட்வின்ஸ் தலா 3, ஃபில்லீஸ், கார்டியன்ஸ், ராயல்ஸ், மெட்ஸ், புளூ ஜேஸ், மார்லின்ஸ், ஆஸ்ட்ரோஸ் தலா 2, டைமண்ட்பேக்ஸ், ஏஞ்சல்ஸ், நேஷனல்ஸ், ரேஞ்சர்ஸ் தலா 1. கூட்டினால் 121 வர வேண்டும். லீக் வாரியாக அமெரிக்கன் லீக்குக்கு 68, நேஷனல் லீக்குக்கு 53. இன்றுள்ள 30 அணிகளில் பாட்ரேஸ், புரூவர்ஸ், மெரினர்ஸ், ராக்கீஸ், ரேஸ் ஆகிய ஐந்தும் இன்னும் வெல்லவில்லை. எண் ஒத்துவரவில்லை என்றால், முதலில் வாஷிங்டன், மில்வாக்கி வரிசைகளைப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். 1947-இல் ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கும் வரை, இந்தப் பட்டியலில் உள்ள அணிகள் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் நீக்ரோ லீக்குகள் என்ற தனி லீக்குகளில் ஆடினார்கள். அவற்றுக்கும் 1924 முதல் 1927 வரையும் 1942 முதல் 1948 வரையும் தனி வேர்ல்ட் சீரிஸ் நடந்தது. 1920 முதல் 1948 வரை இருந்த அந்த லீக்குகளுக்கும் பெரிய லீக் என்ற தகுதி உண்டு என்று மேஜர் லீக் பேஸ்பால் 2020 டிசம்பரில்தான் அறிவித்தது. எனவே அந்தப் பதினோரு ஆண்டுகளுக்கு மட்டும் இன்னொரு பத்தி போடுங்கள். 1924-இல் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ். 1943, 1944, 1948 ஆண்டுகளில் ஹோம்ஸ்டெட் கிரேஸ். 1946-க்கு எதிரே எழுத வேண்டிய பெயர் நீவர்க் ஈகிள்ஸ், அதாவது உங்கள் நியூ ஜெர்சியின் அணி. அந்த அணியில் ஆடிய லாரி டோபி 1948-இல் கிளீவ்லாந்துக்காகவும் (இன்றைய கார்டியன்ஸ்), மான்டி இர்வின் 1954-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காகவும் மறுபடி வென்றார்கள். இரண்டு பத்திகளிலும் அவர்கள் பெயர் வரும் இடங்களை ஒரு கோட்டால் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.