ஸ்மித்தா, ரூகரா? பெங்களூரு அல்சூர் ஆர்மரரின் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரின்) பதில்கள்

கேள்வி: என் மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். கிரீன் கார்டு வந்துவிட்டது. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறான். அங்கே காட்டுப்பன்றித் தொல்லையாம். இடுப்பில் வைத்துக்கொள்ள .357 மேக்னம் ரிவால்வர் வாங்கப்போகிறேன் என்கிறான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரூகர், கோல்ட், டாரஸ் என்று நான்கு பெயர்களைச் சொல்லி, எதை எடுப்பது என்று என்னைக் கேட்கிறான். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களிடம்தான் கேட்க வேண்டும்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லேஸ்வரம்

பதில்: ஐயா, பன்றிக்கு ரைபிள்தான் சரி. ரிவால்வர் என்பது ரைபிள் கைக்கு எட்டாதபோது உதவுவது. அதை முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள். பிறகும் ரிவால்வர்தான் வேண்டுமென்றால், கம்பெனிப் பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எந்தத் தோட்டாவை, எவ்வளவு அடிக்கடி சுடப்போகிறார்? எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

.357 மேக்னம் தோட்டாவை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1935இல் கொண்டுவந்தது. பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவின் உறையைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீட்டியதுதான் அதன் உருவம். இந்த வலுவான தோட்டாவை யாரும் பழைய .38 ரிவால்வரில் நுழைத்துக் கையைக் கிழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே நீட்டினார்கள். ஆகவே .357 துப்பாக்கியில் இரண்டையும் சுடலாம்; .38இல் மேக்னத்தைப் போட முடியாது. நம்மூர் .32 ரிவால்வரின் குண்டு ஏறக்குறைய 150 ஜூல் ஆற்றலோடு வெளியேறுகிறது. நான்கு அங்குலக் குழலிலிருந்து 158 கிரெயின் (குண்டின் எடை அளவு) கொண்ட .357 குண்டு 700 ஜூலைத் தாண்டும். அத்தனை ஆற்றலுக்கும் சுடுகிறவரின் மணிக்கட்டும் துப்பாக்கியின் சட்டகமும் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டகத்தின் அளவுதான் இங்கே பெரிய விஷயம். ஸ்மித் கம்பெனி அதை ஜே, கே, எல், என் என்று எழுத்துகளால் பிரிக்கிறது. இந்த நான்கில் ஜே மிகச் சிறியது, என் மிகப் பெரியது. 1955இல் கே அளவில் ஒரு மேக்னம் வந்தது. பின்னால் அதற்கு மாடல் 19 என்று பெயர். இடுப்பில் இருப்பதே தெரியாத அழகான துப்பாக்கி. ஆனால் தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டர் உள்ளே வந்து பொருந்துவதற்கு இடம் வேண்டுமே என்று, குழலின் பின்முனையில், ஆறு மணி முள் நிற்கும் இடத்தில், கொஞ்சம் இரும்பை வழித்து எடுத்திருப்பார்கள். 125 கிரெயின் குண்டுள்ள வேகமான தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் சரியாக அந்த மெலிந்த இடத்தில் கீறல் விடும். இதைக் கண்ட பிறகுதான் 1980களின் தொடக்கத்தில் எல் அளவில் 586, 686 வந்தன. சில ஆண்டுகளில் ரூகர் தன் ஜிபி 100ஐ இறக்கியது. நிலத்தில் புழங்க ரிவால்வர் தேடுகிறவருக்குப் போட்டி உண்மையில் 686க்கும் ஜிபி 100க்கும்தான். நான்கு அங்குலக் குழலோடு இரண்டும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கனக்கும். அந்தக் கனம் வேண்டும். 350 கிராமுக்கும் குறைவான எடையில் .357 செய்து விற்கிறார்கள். அதில் ஐந்து மேக்னம் சுட்டவர் ஆறாவதைச் சுட விரும்ப மாட்டார். போதாக்குறைக்கு, உதையின் வேகத்தில் இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு உறையைவிட்டு முன்னே நகர்ந்து சிலிண்டரையே சுற்றவிடாமல் பூட்டிவிடுவதும் உண்டு.

பட்டறை மேசையில் வைத்துப் பார்க்கும் என் போன்றவனுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வேறு. ஸ்மித்தின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கும். திருகுகளைக் கழற்றிவிட்டு, கருவியின் மரப்பிடியால் சட்டகத்தை மெல்லத் தட்டினால் தகடு தானாக எழும்பி வரும். அவசரக்காரர்கள் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்புவார்கள். விளிம்பு வளைந்ததென்றால் அது பிறகு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. ரூகரில் அந்தத் தகடே இல்லை. கைப்பிடியைக் கழற்றி, சுருள்வில்லை எடுத்து, தோட்டாவை அடிக்கும் சுத்தியலை எடுத்தால் விசைப் (ட்ரிக்கர்) பகுதி முழுவதும் ஒரே தொகுதியாகக் கீழே இறங்கி வந்துவிடும். சேற்றில் விழுந்த துப்பாக்கியை வீட்டிலேயே கழுவிப் பூட்டலாம். ரூகரின் சட்டகம் வார்ப்பு, ஸ்மித்தினுடையது அடித்து உருவாக்கியது என்று சொல்லி ஸ்மித் அன்பர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். வார்ப்பு என்றதும் தோசைக்கல் நினைவுக்கு வருகிறவர்கள் பீனியா தொழிற்பேட்டைக்குப் போய், மெழுகு அச்சில் துல்லியமாக வார்த்த உருக்கைப் பார்த்துவிட்டு வரலாம். ரூகர் தேவையான இடத்தில் இரும்பைத் தடிமனாக விட்டிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். பெட்டியிலிருந்து எடுத்த கணத்தில் விசை வழுக்கிக்கொண்டு வருவது என்னவோ ஸ்மித்தில்தான்.

கோல்ட் பைத்தான் 1955இல் பிறந்து, 2005இல் நின்றுபோய், 2020இல் திரும்பி வந்தது. புதியதன் உள்ளமைப்பு பழையதிலிருந்து வேறு. பழைய பைத்தான் கண்ணாடிபோல் பளபளக்கும். சிலிண்டர் சுழன்று பூட்டும் நேரப்பொருத்தம் அதில் தவறினால் சரிசெய்யத் தெரிந்த கை குறைவு. பன்றி விரட்டும் நிலத்துக்கு அவ்வளவு பணம் தேவையில்லை என்பது என் கட்சி. டாரஸ் பிரேசில் கம்பெனி. விலை குறைவு என்பதுதான் அதன் கவர்ச்சி. மகனின் கை அதற்குப் போனால், பெயரைப் பார்க்காமல் அந்த ஒரு துப்பாக்கியைச் சோதித்து வாங்கட்டும்.

சோதிப்பது என்றால் இப்படி. சிலிண்டரைத் திறந்து அறைகள் அத்தனையும் காலி என்று கண்ணால் பார்க்க வேண்டும், விரலாலும் தடவ வேண்டும். கடைக்காரரின் அனுமதியோடு சுத்தியலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்கட்டும். இன்னொரு கையின் விரல் சிலிண்டரை லேசாகத் தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சுத்தியல் கடைசி நிலைக்கு வந்து நிற்பதற்குள் சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொண்டாக வேண்டும். எல்லா அறைகளுக்கும் இப்படிப் பார்க்க வேண்டும். ஐந்தில் பூட்டி ஒன்றில் தவறினாலும் கீழே வைத்துவிடலாம். பிறகு விசையை அழுத்திப் பிடித்தபடி சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கட்டும். துளி அசைவு இருக்கலாம், கடகடக்கக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கிலிருந்து ஆறு பங்கு வரை இருப்பது நல்லது. பழைய துப்பாக்கியானால் திருகுகளின் தலையைப் பாருங்கள். மென்று துப்பியதுபோல் சிதைந்திருந்தால் கற்றுக்குட்டி ஒருவர் உள்ளே புகுந்து வந்திருக்கிறார் என்று பொருள்.

என் மகனாக இருந்தால் நான்கு அங்குல ஜிபி 100 வாங்கச் சொல்வேன். ஞாயிறுதோறும் குறிசுடும் களத்துக்குப் போய் .38 தோட்டாவில் பழகுகிற ஆசை அவருக்கு இருந்தால் 686 எடுக்கட்டும். நான் சண்டைக்கு வரமாட்டேன். இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்து, விசைக்கு விரல் சரியாக எட்டுவது எதுவோ அதுவே ஜெயிக்கட்டும். காதுக்கு உறை இல்லாமல் ஒரு மேக்னம்கூடச் சுடக் கூடாது. என் இடது காது இதற்குச் சாட்சி. வீட்டில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் வலப்பக்கம் வந்து நிற்கிறார்கள்.

கேள்வி: என் அண்ணன் டல்லாஸில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறார். நண்பர்கள் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்று அவரும் ரிவால்வர் வாங்க நினைக்கிறார். வாங்கலாமா?
– மென்பொருள் பணியாளர், ஒயிட்ஃபீல்டு

பதில்: தம்பி, அண்ணனை இன்றே தொலைபேசியில் பிடியுங்கள். எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. சில விலக்குகள் உண்டு. அவற்றுள் பலரும் பயன்படுத்துவது, ஏதாவதொரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பக் கொடுப்பார்கள். குடியுரிமையையும் விசா நிலையையும் அதில் கேட்பார்கள். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். நண்பரின் துப்பாக்கியைக் குறிசுடும் களத்தில் 'சும்மா' வாங்கிச் சுடுவதும் வைத்திருப்பதாகவே கணக்காகும். முந்தைய கேள்வியில் வந்த பிள்ளைக்கு கிரீன் கார்டு இருக்கிறது. அவர் கதை வேறு. உங்கள் அண்ணன் தேடவேண்டியது கம்பெனிப் பெயரை அல்ல, நல்ல வழக்கறிஞரை.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து நிரந்தரமாகத் திரும்புகிறோம். கணவரின் ரிவால்வரைக் கொண்டுவர முடியுமா?
– இந்திராநகர் வாசகி

பதில்: அங்கேயே முறைப்படி விற்றுவிட்டு வாருங்கள், அம்மா. தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. பெயர்பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்குச் சலுகை உண்டு. குடிபெயர்ந்து வருகிறவர்களுக்கு நிபந்தனைகளோடு ஒரு வழி சுங்கத்தில் இருந்து வந்திருக்கிறது. ஆனால் இந்திய உரிமம் கையில் இல்லாமல் அந்தப் பேச்சே தொடங்காது. அதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன். களத்துக்குத் தோட்டா எடுத்துப்போன பையை விமானத்துக்குக் கொண்டுவராதீர்கள். மூலைத் தையலுக்குள் உருண்டுபோன ஒரே ஒரு தோட்டா போதும், தேவனஹள்ளி விமான நிலையத்தில் வழக்குப் பதிவாக. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று நீதிமன்றம் பின்னால் ஒத்துக்கொள்ளலாம். அதுவரை வாய்தாவுக்கு அலைவது யார்?

கேள்வி: .44 மேக்னம்தான் உலகிலேயே சக்திவாய்ந்த ரிவால்வர் என்று என் நண்பன் பந்தயம் கட்டுகிறான்.
– கல்லூரி மாணவர், ஸ்ரீராமபுரம்

பதில்: அவர் ஏதோ பழைய ஹாலிவுட் படம் பார்த்திருக்கிறார். .44 வந்தது 1950களின் நடுவில். 2003இல் ஸ்மித் கம்பெனியே அதைவிட வலுவான .500 மேக்னத்தை இறக்கிவிட்டது. பந்தயப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு உரிமம் கிடைத்துவிட்டது. தனியாகத் தொழில் நடத்துகிறேன். நிர்பீக் வாங்குவதா, பிரபல் வாங்குவதா? மேக்னம் அளவுக்கு இல்லையென்று எல்லாரும் கேலி செய்கிறார்கள்.
– ஃபிரேசர் டவுன் வாசகி

பதில்: கேலி செய்கிறவர்களில் எத்தனை பேர் உங்களோடு வந்து காவல் நிலைய விசாரணைக்கு உட்கார்ந்தார்கள்? இரண்டுமே கான்பூரில் செய்த .32 ரிவால்வர்கள். நிர்பீக் 2014இல் பெண்களுக்கென்று சொல்லி வந்தது, 500 கிராம், வந்தபோது விலை 1,22,360 ரூபாய். பெண் என்றால் லேசாக இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. லேசான துப்பாக்கிதான் கையை அதிகம் உதைக்கும். பிரபல் 2023இல் வந்தது. தோட்டா இல்லாமல் ஏறக்குறைய 700 கிராம். நிர்பீக்கை நடுவில் மடக்கித் திறக்க வேண்டும். பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். நான் பிரபல் பக்கம். எதை வாங்கினாலும், தேர்தல் அறிவிப்பு வந்ததும் போலீஸ் உத்தரவுப்படி நிலையத்தில் ஒப்படைக்க நேரலாம். ரசீதில் துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். அவரிடம் உரிமத்தோடு ஒரு பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 இருந்தது. விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமா? அலமாரியில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.
– அல்சூர் வாசகர்

பதில்: முதலில் அலமாரியிலிருந்து எடுங்கள். உரிமம் அப்பா பெயரில் இருந்தது. அவரோடு அது முடிந்தது. துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இவற்றோடு இன்ஃபன்ட்ரி ரோட்டில் உள்ள கமிஷனர் அலுவலகத்தில் உங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். வாரிசுக்குக் கொடுக்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விற்காதீர்கள். இறக்குமதி நின்றுபோன நாட்டில் அப்படிப்பட்ட துப்பாக்கி திரும்பக் கிடைக்காது. ஒப்படைக்கும்போது கடைக்காரரைச் சிலிண்டரைத் திறக்கச் சொல்லி, அதைத் தாங்கும் கை சட்டகத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே மாடல் எண் பொறித்திருக்கும். 19 என்று தொடங்கினால், மேலே மல்லேஸ்வரம் ஆசிரியருக்குச் சொன்ன அந்த ஆறு மணி இடத்தை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீறல் இல்லையென்றால் மெதுவான தோட்டாவோடு உங்கள் பேரன் காலம்வரை உழைக்கும்.

அப்பா அதற்குத் தேங்காய் எண்ணெய் போட்டு வந்திருப்பார். அல்சூரில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். டிசம்பர் குளிரில் அது உறைந்து விசைக்குள் மெழுகாக நிற்கும். கடைக்காரரிடம் சொல்லி, உள்ளே முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு துளி மட்டும் விடச் சொல்லுங்கள்.