ராக் பேண்ட் டூர் கிளம்பும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது ஐந்து பேர் கொண்ட ராக் பேண்ட். டிசம்பரில் குவாஹாத்தி, ஷில்லாங், கோஹிமா மூன்று ஊர்களிலும் வாசிக்க அழைப்பு வந்திருக்கிறது. இத்தனை கருவிகளையும் விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? (கோவை வாசகர்)

பதில்: எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். பெரிய டிரம்கள், ஆம்ப், ஸ்பீக்கர் கேபினட், கீபோர்டு ஸ்டாண்ட் இவற்றை அந்தந்த ஊரிலேயே வாடகைக்கு எடுத்துத் தரச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். மேடை வழக்கில் இதற்கு 'பேக்லைன்' என்று பெயர். டிரம்மர் தன்னோடு எடுத்துப்போக வேண்டியவை ஸ்நேர், சிம்பல்கள், கிக் பெடல், குச்சிகள். வாடகை செட்டில் முதலில் பழுதாகிக் கிடப்பவை இவைதான்: விளிம்பு வெடித்த சிம்பல், ஸ்பிரிங் தளர்ந்த பெடல். உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான் செக்-இன் செய்யலாம். கூடுதல் எடைக்கு முன்கூட்டியே ஆன்லைனில் பணம் கட்டிவிடுங்கள், விமான நிலையக் கவுன்டரில் கட்டினால் அதிகம் ஆகும்.

கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பயணத்தில் அது பெரும்பாலும் உடைவது ஒரே இடத்தில், கழுத்தும் தலையும் சேரும் நட் பக்கத்தில். பெட்டி மல்லாக்க விழும்போது உடல் அசையாமல் நிற்கும். அடியில் தாங்கல் இல்லாத தலை மட்டும் பின்னால் சொடுக்கும். கம்பிகளின் இழுவையும் சேர்ந்துகொண்டால் மரம் பிளந்துவிடும். தலை பின்பக்கம் சாய்ந்த வகைக் கிட்டார்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் ஹார்டு கேஸில் வைத்து, தலைக்கு அடியிலும் பக்கங்களிலும் மேலேயும் பழைய டி-ஷர்ட்டுகளை அடைத்து, மூடிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரக் கூடாது. கம்பிகளை இரண்டு சுரம் இறக்கினால் போதும். மொத்தமாக அவிழ்த்துவிட்டால், கழுத்துக்குள் இருக்கும் 'ட்ரஸ் ராடு' என்ற உலோகத் தண்டுக்கு எதிர் இழுவை இல்லாமல் கழுத்து பின்பக்கம் வளையும்.

பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் இருந்தால் பெட்டியைத் திறக்க வைப்பார்கள். ஸ்க்ரூ டிரைவர், கம்பி கட்டர், ஆலன் கீ இதற்கு நேர்மாறு: அவை செக்-இன் பெட்டியில் போகட்டும்.

நாகாலாந்துக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். சவுண்ட் இன்ஜினியர், டிரைவர் என உடன் வரும் யாரையும் விட்டுவிடாதீர்கள். அசாமுக்கும் மேகாலயாவுக்கும் அது தேவையில்லை. இன்னொன்று, டிசம்பரில் கோஹிமாவில் நாலரை மணி வாக்கில் இருட்டிவிடும். மலைச் சாலைப் பயணத்தைப் பகலிலேயே முடிக்கும்படி திட்டமிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே உள்ள ஊர், இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், மேடை விளக்குச் சூட்டில் இறங்கும். பெட்டியிலிருந்து எடுத்ததும் டியூன் செய்யாமல், கிட்டாரை அரை மணி நேரம் மேடைக் காற்றில் வைத்துவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

கேள்வி: "எல்லாம் இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும்" என்கிறார்கள் ஏற்பாட்டாளர்கள். போய்ப் பார்த்தால் இரண்டு மானிட்டர் (வாசிப்பவர் பக்கம் திருப்பிய ஸ்பீக்கர்), நான்கு மைக். என்ன செய்வது? (சேலம் வாசகர்)

பதில்: போன் பேச்சை நம்பி டிக்கெட் போடாதீர்கள். 'டெக் ரைடர்' என்று இரண்டே பக்கம் தயார் செய்து, நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். முதல் பக்கத்தில் மேடையின் படம்: யார் எங்கே நிற்கிறார், யார் காலடியில் மானிட்டர், எந்தெந்த இடத்தில் 230 வோல்ட் பிளக். அடுத்த பக்கத்தில் சேனல் பட்டியல், அதாவது மிக்ஸருக்குத் தனித்தனியாக வரும் ஒலி லைன்களின் பட்டியல். டிரம்ஸ், பேஸ், ஒரு கிட்டார், கீபோர்டு, பாடகர் என்றால் கணக்கு இப்படி வரும்: டிரம்ஸுக்கு 7 (கிக், ஸ்நேர், ஹை-ஹாட், இரண்டு டாம், மேலிருந்து பிடிக்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டு), பேஸுக்கு டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக 1, கிட்டாருக்கு 1, கீபோர்டுக்கு ஸ்டீரியோவாக 2, முதன்மைக் குரலுக்கு 1, துணைக் குரல்களுக்கு 2. ஆக 14. உதிரியாக இரண்டு சேர்த்து 16 சேனல் என்று எழுதுங்கள். தனித்தனி மானிட்டர் மிக்ஸ் (மானிட்டரில் அவரவருக்கு வேண்டிய அளவில் கேட்கும் ஒலிக் கலவை) குறைந்தது நான்கு வேண்டும்.

அனுப்பினால் மட்டும் போதாது. சவுண்ட் கம்பெனியின் நம்பரை வாங்கி, சவுண்ட்காரரிடமே நேரடியாகப் பேசுங்கள். ஏற்பாட்டாளர் பல நேரம் அந்தப் பக்கங்களைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். மிக்ஸர் எந்த கம்பெனி, எந்த மாடல் என்றும் கேட்டு வையுங்கள். ஒரு கம்பெனி மிக்ஸரில் பென்டிரைவில் சேமித்த செட்டிங் இன்னொரு கம்பெனி மிக்ஸரில் திறக்காது. விழா மேடைகளில் இரண்டு பேண்டுகளுக்கு நடுவே கிடைப்பது இருபது, முப்பது நிமிடம்தான். முழு சவுண்ட் செக்குக்கு அது போதாது. ஒவ்வொரு லைனிலும் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, முதல் பாட்டாக எளிமையான ஒன்றை எடுத்துக்கொண்டால் அதற்குள் சவுண்ட்காரர் அளவுகளைச் சரிசெய்துவிடுவார்.

கேள்வி: கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. கிட்டார் ஆம்பின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கூடவே கூடாது. உயிர் போகும் விஷயம் இது. ஸ்டோன் தி க்ரோஸ் என்ற ஸ்காட்லாந்து பேண்டின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று ஸ்வான்சீ நகர மேடையில் சரியாக எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார்.

கிட்டார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடும், மைக்கின் வலைமூடி மிக்ஸரின் எர்த்தோடும் இணைந்திருக்கின்றன. ஆம்ப் ஒரு பக்கத்து லைனிலும் மிக்ஸர் வேறொரு லைனிலும் இருந்து, ஒன்றில் எர்த் இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் நிற்கும். கைக்கும் உதட்டுக்கும் இடையே அதைக் கடத்துவது உங்கள் உடம்பு. பந்தல் ஜெனரேட்டரில் எர்த் கம்பியை மண்ணில் இறக்காமலே ஓட்டுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது.

ஒரு மல்டிமீட்டர் எப்போதும் பையில் இருக்கட்டும். ஏசி வோல்ட்டில் வைத்து, முதலில் மேடைப் பிளக்கைப் பாருங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட். பிறகு எல்லாம் ஆன் ஆன நிலையில் ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறுமுனையை மைக் வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எலக்ட்ரீஷியன் சரிசெய்யும்வரை யாரும் மைக்கைத் தொட வேண்டாம். கூட்டம் கத்தினாலும் சரி. ஆம்ப், பெடல்போர்டு, மிக்ஸர் மூன்றையும் எர்த் உள்ள ஒரே டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து எடுப்பதுதான் முறையான தீர்வு. வெறும் 'ம்ம்' என்ற இரைச்சல்தான் பிரச்சினை என்றால், டிஐ பாக்ஸில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டுமே பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது.

கேள்வி: டிரம்ஸ் வாசிக்கிறேன். நிகழ்ச்சி முடிந்த இரவெல்லாம் காதில் 'கீ' என்று ஒலிக்கிறது. (நெல்லை வாசகர்)

பதில்: காது கொடுக்கும் எச்சரிக்கை அது. 85 டெசிபெல் சத்தத்தை 8 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். சிம்பலுக்குப் பக்கத்தில் உட்காரும் உங்களுக்கு அந்த அளவு முதல் ஒன்றிரண்டு பாட்டிலேயே தீர்ந்துவிடும்.

மெடிக்கல் ஷாப் பஞ்சு அடைப்பான் உயர் சுரங்களை அதிகமாக வெட்டும். சிம்பல் கேட்காமல் நீங்கள் இன்னும் ஓங்கி அடிப்பீர்கள். எல்லா சுரங்களையும் ஒரே அளவில் குறைக்கும், இசைக் கலைஞர்களுக்கான இயர்பிளக் வாங்குங்கள். இன்-இயர் மானிட்டர் போட்டால் இரண்டு காதிலும் போடுங்கள். கூட்டத்தின் சத்தம் கேட்கட்டும் என்று ஒன்றைக் கழற்றினால், மற்றதன் வால்யூமைத் தன்னையறியாமல் ஏற்றிவிடுவீர்கள். ஒலி இரண்டு நாளைத் தாண்டினால் இஎன்டி டாக்டரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால், டூர் நடுவில் இருந்தாலும் அன்றே பாருங்கள். சிகிச்சை தாமதமானால் கேட்கும் திறன் திரும்புவது கடினம்.

கேள்வி: மூன்றாவது நாளில் தொண்டை கட்டிக்கொள்கிறது. (தஞ்சை வாசகி)

பதில்: பாட்டைவிட வேனில் பேசுவதுதான் குரலைக் கெடுக்கிறது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே மணிக்கணக்கில் கத்திப் பேசுகிறோம். பயணத்தில் மௌனமாக இருங்கள். கிசுகிசுப்பதும் அடிக்கடி கனைப்பதும் வேண்டாம், இரண்டும் குரல்நாண்களைச் சிரமப்படுத்தும். குரல் கம்மியிருக்கும் நாளில் பாட்டுகளை அரைச் சுரம் இறக்கி வாசிக்க பேண்டை முன்கூட்டியே பழக்கி வையுங்கள்.

கேள்வி: பேசிய பணத்தில் பாதிதான் கைக்கு வருகிறது. (சென்னை வாசகர்)

பதில்: 50 சதவீதம் முன்பணம் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். மீதி, மேடை ஏறுவதற்கு முன்பு. பயணம், தங்குமிடம், சாப்பாடு, பேக்லைன் யார் செலவு என்பதை மெயிலில் எழுதி வாங்குங்கள். டிடிஎஸ் பிடித்தால் சான்றிதழ் கேளுங்கள். பிறர் பாடல்களை வாசிப்பதற்கான ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான உரிமைத் தொகையை வசூலிக்கும் அமைப்பு) உரிமம் ஏற்பாட்டாளரின் பொறுப்பு என்பதும் அதே மெயிலில் இருக்கட்டும். சொந்தப் பாடல்கள் என்றால் நீங்களே ஐபிஆர்எஸ் உறுப்பினராகி, எந்த ஊரில் எந்தப் பாட்டு வாசித்தீர்கள் என்ற பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்.