விரிசல் போட்ட எண்ணெய்க் கிணற்றில் சோப்புக்கு என்ன வேலை?

கேள்வி: பாறையைப் பிளந்தாச்சு, மணலும் நிரப்பியாச்சு. எண்ணெய் தானா வராதா? சர்ஃபாக்டன்ட் என்ற சோப்பு வகை மருந்து எதற்கு?
– கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவி, மணலி

விரிசல் ரோடு மாதிரி. சரக்கு பாறைத் துளைக்குள்ளே கிடக்கிறது. ஷேல் என்ற இறுகிய படிவுப் பாறையில் அந்தத் துளைகள் நானோமீட்டர் கணக்கு. சுவரில் எண்ணெய் படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே நுழையாது. வஞ்சிரம் வறுத்து ஆறிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக நிற்கும். ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டதும் பரவிவிடும். பாறைச் சுவரும் அப்படி நனையத் தொடங்கினால், துளை தானே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு எண்ணெயை விரிசலுக்குத் தள்ளும்.

கேள்வி: அப்படியானால் எண்ணெயும் தண்ணீரும் தொடும் பரப்பின் இழுவிசையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு லாபம்தானே?
– அதே மாணவி

இல்லை, பலரும் சறுக்குவது இங்கேதான். உறிஞ்சும் அழுத்தம் என்பது இழுவிசை, தொடுகோணத்தின் (தண்ணீர் பாறைச் சுவரைத் தொடும் கோணம்) கொசைன், 2 ஆகியவற்றின் பெருக்கலைத் துளையின் ஆரத்தால் வகுத்தது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே சுமார் 20–30 மில்லிநியூட்டன்/மீட்டர் இருக்கும் இழுவிசையை 0.001 வரை இறக்கினால் உறிஞ்சலும் செத்துவிடும். பம்ப் போட்டுத் தண்ணீரால் தள்ளும் பழைய வயல்களுக்கு அந்த அளவு சரி. ஷேலில் தள்ள ஆளில்லை, உறிஞ்சலை நம்பித்தான் பிழைப்பு. முதலில் தொடுகோணம் 90 டிகிரிக்குக் கீழே வரட்டும். இழுவிசை அளவோடு குறைந்தால் போதும்.

கேள்வி: எவ்வளவு கலப்பது, முன்னாடி என்ன பார்ப்பது?
– லேப் டெக்னீஷியன், திருவொற்றியூர்

ஆயிரம் லிட்டர் ஃபிராக் தண்ணீருக்கு (பாறையைப் பிளக்க அழுத்தும் தண்ணீர்) சர்ஃபாக்டன்ட் 1–2 லிட்டர் என்று தொடங்குங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். கிணற்றில் இறங்கப்போகும் அதே தண்ணீரை எடுத்து, பாறையின் சூட்டில் ஓர் இரவு வையுங்கள். கலங்கினால் ஆகாது. மீஞ்சூர்ப் பக்கம் உப்பேறிய போர் தண்ணியில் துணி சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரியுமே, கால்சியமும் மக்னீசியமும் எதிர்மின் சுமையுள்ள சர்ஃபாக்டன்ட் வகைகளை இங்கேயும் அப்படித்தான் படியவைக்கும். மின்சுமையற்ற வகைக்கு எதிரி சூடு.

அடுத்து பாட்டில் சோதனை. கச்சா எண்ணெய் பாதி, ஃபிராக் தண்ணீர் பாதி. உராய்வுக் குறைப்பான் உட்பட எல்லா மருந்தையும் சேர்த்தே குலுக்குங்கள். தனித்தனியாகச் சோதித்து என்ன பயன்? நடுவில் மோர் போல ஒரு அடுக்கு நின்றால் விரிசலையே அடைத்துவிடும். கடைசியாக, எண்ணெயில் ஊறிய பாறைத்துண்டை உறிஞ்சலை அளக்கும் அமாட் கண்ணாடிக் கலத்தில், மருந்து கலந்த தண்ணீரில் வைத்து, மேல் குழாயில் ஏறும் எண்ணெயைத் தினமும் குறித்துவாருங்கள். மருந்தில்லாத கலம் ஒன்றும் பக்கத்தில் இருக்கவேண்டும். களிமண் மிகுந்த பாறைக்கு நேர்மின் வகை வேண்டாம். வாசலிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே போகாது.

கேள்வி: 2017ல எண்ணூர்ல கப்பல் மோதி எண்ணெய் கொட்டுனப்ப பக்கெட்டுல அள்ளுனோம். இந்த மருந்தைத் தெளிச்சிருக்கக் கூடாதா?
– மீனவர், எண்ணூர்

குடும்பம் ஒன்று, வேலை நேரெதிர் அண்ணே. கடலில் தெளிப்பது எண்ணெயைப் பொடிப்பொடியாக்கித் தண்ணீரிலேயே கலந்துவிடும். கிணற்றில் துளிகள் திரும்ப ஒன்றுசேரவேண்டும். கரையோரத்தில் ஆழமும் கிடையாது. தெளித்திருந்தால் அந்தப் பொடித் துளிகள் இறால் குஞ்சு இருக்கும் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். அன்று கரையொதுங்கியது தார் மாதிரிக் கெட்டியான கப்பல் எண்ணெய். அதில் மருந்து சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது.