பாரிஸில் ஒன்பது மணி அடித்தால்

"வேலையில் மேலே போகவும் ஆசை, வீட்டையும் விட முடியவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒழுங்காகச் சமாளிக்கவில்லை என்பதுதான் என் பதில். இருந்தாலும் சொல்கிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பெண். கல்யாணமாகி மொரிஷியஸ் வந்தேன். எபேன் சைபர் சிட்டியில், பிரெஞ்சுக் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்க்கும் வேலை. இங்கே பாதித் தொல்லை கடிகாரத்தால்தான். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை பாரிஸ் எங்களுக்கு மூன்று மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் இரண்டு. மூன்று மணி வித்தியாசம் உள்ள மாதங்களில், அவர்கள் காலை 9 மணிக்கு வந்து உட்காரும்போது எங்களுக்கு உச்சி வெயில். மாலை 6 மணிக்கு அவர்கள் எழுந்தால் இங்கே இரவு 9.

டீம் லீடர் பதவி வந்தபோது சம்பளத்தைப் பார்த்துச் சரி என்றேன். சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான், அதை யாரும் மீறவில்லை. ஆனால் அந்த 45-இல் என் மாலைப்பொழுது முழுவதும் அடங்கிவிட்டது.

அந்த வருஷம் என் கணவர் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுத்தார். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. பாரிஸுக்கு ஏது தைப்பூசம்? காவடி கோர் தெ கார்த் மலைக்கோயில் படியேறும் நேரம், சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. மாதக் கணக்கில் ஏதோ இடிக்கிறதாம். காருக்குள் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். முடித்துவிட்டு வந்தபோது பந்தி முடிந்திருந்தது. அத்தை ஓர் இலையில், இங்கே விசேஷத்துக்குச் செய்யும் ஏழு காய்கறிப் பதார்த்தங்களையும் எடுத்து மூடி வைத்திருந்தார். திட்டவில்லை. "வின் மான்ஸே" என்றார், இந்த ஊர்க் கிரியோல் மொழியில் வா சாப்பிடு என்று. திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் மேலாளரிடம் பேசினேன். வாரத்தில் மூன்று நாள் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவேன், காவடி அன்று போன் கிடையாது என்றேன். காலையில் தூங்கப் பிடிக்கும் ஒரு தம்பி டீமில் இருந்தான்; அந்த மாலைகளை அவன் சந்தோஷமாக எடுத்துக்கொண்டான். இதை முன்பே கேட்டிருக்கலாம். கேட்டால் மதிப்புக் குறையும் என்று நானாக நினைத்துக்கொண்டதுதான்.

மதிப்புக் குறையவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அடுத்த பதவி உயர்வு அவனுக்குத்தான் போனது. இப்போது என் லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் அவன்தான். பொறாமை கொஞ்சம் உண்டு. தைப்பூசத்துக்கு முந்தின நாளையும் சேர்த்துக் கேட்டால், மறுபேச்சில்லாமல் போட்டுத் தருகிறான்.